கான்ஃபிக்கர் புழு: உள்ளே வந்த மூன்று வழிகளும் வெளியேற்ற வேண்டிய வரிசையும்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பாதுகாப்புத் திருத்தங்களை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் வெளியிடுவது வழக்கம். 2008 அக்டோபரில் அந்த நாளுக்குக் காத்திராமல், 23ஆம் தேதி வியாழக்கிழமையன்று ஓர் அவசரப் பேட்சை வெளியிட்டது. எம்எஸ்08-067 என்று எண்ணிடப்பட்ட அந்தப் பேட்ச், விண்டோஸின் சர்வர் சர்வீஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைத்தது. அதே ஓட்டையின் வழியாகப் பரவும் கான்ஃபிக்கர் என்ற புழு முதன்முதலில் கண்ணில் பட்டது நவம்பர் 21 வாக்கில்தான். அதாவது புழு வெளிவருவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே அதைத் தடுக்கும் பேட்ச் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது.

அப்படியிருந்தும் 2009 ஜனவரிக்குள் உலகெங்கும் பல இலட்சம் கணினிகளில் அது குடியேறிவிட்டது. பிரெஞ்சுக் கடற்படையின் உள் நெட்வொர்க்கைத் துண்டிக்க வேண்டியிருந்தது. பறப்புத் திட்டங்களை இறக்கிக்கொள்ள முடியாமல் சில விமானங்கள் தரையிலேயே நின்றன. பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம், ஜெர்மானிய இராணுவம், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் என்று பட்டியல் நீண்டது. டவுனாடப் என்றும் கிடோ என்றும் சில பாதுகாப்பு நிறுவனங்கள் பெயரிட்டதும் இதே புழுதான்.

கான்ஃபிக்கரைத் தனித்தனிக் கணினியில் நீக்கிப் பயனில்லை. நெட்வொர்க் முழுவதற்குமாக, ஒரு குறிப்பிட்ட வரிசையில் நீக்கினால்தான் அது போகும் என்பதே இந்த ஆய்வு சொல்ல வருவது. வரிசை பிசகிய இடங்களில், காலையில் சுத்தம் செய்த கணினி மாலைக்குள் மறுபடியும் தொற்றுக்கு ஆளானது. ஏன் அப்படி ஆனது என்பதை விளங்கிக்கொள்ள, அது உள்ளே வரும் வழிகளை முதலில் பார்க்க வேண்டும்.

முதல் வழி: ஓட்டை

வைரஸ் ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, யாராவது அந்தக் கோப்பைத் திறக்கும்வரை காத்திருக்கும். புழுவுக்கு அந்தக் காத்திருப்புத் தேவையில்லை. கணினி இயங்கிக்கொண்டிருந்து, நெட்வொர்க்கில் இணைந்திருந்தால் போதும். அதன் முன் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எம்எஸ்08-067 ஓட்டை அத்தகைய பரவலுக்கு மிகவும் வாகானது.

விண்டோஸில் கோப்புகளையும் பிரிண்டரையும் மற்றக் கணினிகளுடன் பகிர்ந்துகொள்ள உதவுவது சர்வர் சர்வீஸ். வெளியிலிருந்து வரும் ஒரு கோப்புப் பாதையைச் சுருக்கி ஒழுங்குபடுத்துவது அதன் வேலைகளில் ஒன்று. \கடை\..\கணக்கு என்று ஒரு பாதை வந்தால், நடுவில் இருக்கும் இரட்டைப் புள்ளிக்கு ‘ஒரு படி பின்னால் போ’ என்று பொருள். ஆகவே ‘கடை’ என்ற பகுதியை நீக்கிவிட்டு \கணக்கு என்று அதைச் சுருக்க வேண்டும். இதற்காக அந்த நிரல், இரட்டைப் புள்ளியைக் கண்ட இடத்திலிருந்து பின்னோக்கி நகர்ந்து முந்தைய சாய்கோட்டைத் தேடுகிறது. பின்னால் சாய்கோடே இல்லாதபடி ஒரு பாதையை வேண்டுமென்றே வடித்து அனுப்பினால் என்ன ஆகும்? தேடல், பாதைக்காக ஒதுக்கப்பட்ட நினைவகத்தின் தொடக்கத்தையும் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. அங்கே தற்செயலாகக் கிடக்கும் ஒரு சாய்கோட்டைக் கண்டு, மீதிப் பாதையை அந்த இடத்தில் கொண்டுபோய் எழுதுகிறது. அப்படி எழுதும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்துவைத்த முகவரியின் மேல் அனுப்பியவன் விரும்பிய முகவரி பதிந்துவிடும். அந்தக் கணத்திலிருந்து கணினி அவன் சொல்வதைக் கேட்கும். சர்வர் சர்வீஸ் விண்டோஸின் மிக உயர்ந்த ‘சிஸ்டம்’ உரிமையோடு இயங்குவதால், அந்த உரிமையும் அவன் கைக்கு வந்துவிடுகிறது.

விண்டோஸ் 2000, எக்ஸ்பி, சர்வர் 2003 ஆகியவற்றில் இதற்குப் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தேவைப்படவில்லை. கோப்புப் பகிர்வுக்கான நெட்வொர்க் வாசலான 445ஆம் போர்ட் எட்டினால் போதும். விஸ்டாவிலும் சர்வர் 2008இலும் உள்நுழைவு அனுமதி தேவைப்பட்டதால் அவை இந்த வழியில் ஓரளவு தப்பின. எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கிலிருந்து ஃபயர்வால் தானாகவே இயங்கியது உண்மைதான். ஆனால் அலுவலகங்களில் கோப்புப் பகிர்வுக்காக அதே 445ஆம் போர்ட்டுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். வெளியுலகுக்கு அடைத்த வழி, பக்கத்து மேசைக் கணினிக்குத் திறந்தே கிடந்தது.

ஓட்டையின் வழியாக முதலில் நுழைவது முழுப் புழு அன்று, மிகச் சிறிய ஒரு நிரல் துண்டு. தொற்றிய கணினி ஒவ்வொன்றும் 1024க்கும் 10000க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு போர்ட்டில் சிறிய வெப் சர்வர் ஒன்றை நடத்திக்கொண்டிருக்கும். நுழைந்த துண்டு, தாக்கப்பட்ட கணினியை அந்த சர்வரோடு இணைத்து, புழுவின் உடலான டிஎல்எல் கோப்பை (வேறொரு நிரலுக்குள் ஏற்றி இயக்கப்படும் நிரல் கோப்பு) தரவிறக்கச் செய்யும். தாக்கப்பட்ட கணினியே வலியப் போய்ப் புழுவை வீட்டுக்கு அழைத்து வருவதால், உள்வரும் இணைப்புகளை மட்டும் தடுக்கும் ஃபயர்வாலால் இந்த இரண்டாம் கட்டத்தைத் தடுக்க முடியவில்லை.

உள்ளே வந்ததும் புழு செய்யும் முதல் வேலைகளில் ஒன்று வியப்பானது. தான் நுழைந்த அதே ஓட்டையை அது அடைத்துவிடுகிறது. உள்ளே நுழைந்த திருடன் இன்னொரு திருடன் வராதபடி தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது போல. அந்த அடைப்பு நினைவகத்தில் மட்டுமே நிகழ்கிறது. வட்டில் உள்ள விண்டோஸ் கோப்பு பழைய ஓட்டையோடு அப்படியே இருக்கும். ஆகவே புழுவை நீக்கிவிட்டுப் பேட்சைப் போடாமல் கணினியை மறுபடி இயக்கினால், அதுவரை புழுவே காத்துவந்த ஓட்டை திறந்துகொள்ளும். சுத்தமான கணினி தொற்றிய கணினியைவிடப் பலவீனமாகிவிடும் இந்த விசித்திர நிலையைப் பல நிர்வாகிகள் எதிர்பார்க்கவில்லை.

முதல் வடிவமான ஏ வகை, கணினியில் உக்ரேனிய விசைப்பலகை அமைப்பு இருந்தால் தொற்றாமல் விலகிவிடும். எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதற்கு இது ஒரு தடயமாகக் கருதப்பட்டது. பின்வந்த வகைகளில் இந்தச் சோதனை நீக்கப்பட்டது.

இரண்டாம் மூன்றாம் வழிகள்

2008 டிசம்பர் 29 அன்று கண்டறியப்பட்ட பி வகைதான் உண்மையான பேரிழப்புக்குக் காரணம். அதற்குள் பலர் பேட்சைப் போட்டிருந்தார்கள். அதனால் ஓட்டையே தேவைப்படாத இரண்டு வழிகளை எழுதியவர்கள் சேர்த்திருந்தார்கள்.

ஒன்று கடவுச்சொல். ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் நிர்வாகிகளுக்கென்று மறைவான ஒரு பகிர்வு இருக்கும். ‘அட்மின் டாலர்’ என்று நிர்வாகிகள் சொல்வது அதைத்தான். புழு முதலில், தான் இருக்கும் கணினியில் உள்நுழைந்திருக்கும் பயனரின் உரிமையை அப்படியே எடுத்துக்கொண்டு பக்கத்துக் கணினியின் அந்தப் பகிர்வைத் திறக்கப் பார்க்கும். முடியாவிட்டால், அந்தக் கணினியில் உள்ள பயனர் பெயர்களின் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் 200க்கும் மேற்பட்ட எளிய கடவுச்சொற்களை முயன்று பார்க்கும். 123456, பாஸ்வேர்டு, அட்மின் போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன. ஏதாவது ஒன்று பலித்தால், தன் பிரதியை அந்தக் கணினியின் சிஸ்டம் ஃபோல்டரில் போட்டுவிட்டு, அதை இயக்கும்படி, குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையையும் பதிந்துவிடும். பேட்ச் போட்ட கணினியா, போடாத கணினியா என்ற கேள்வியே இங்கே எழவில்லை.

இன்னொன்று பென் டிரைவ். செருகியவுடன் என்ன செய்ய வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஆட்டோரன் கோப்பைப் புழு அதில் எழுதிவைக்கும். வழக்கமாகச் சில வரிகளே இருக்க வேண்டிய அந்தக் கோப்பு, அர்த்தமற்ற எழுத்துகளால் நிரப்பப்பட்டு ஏறத்தாழ 60 கிலோபைட் அளவுக்கு ஊதியிருக்கும். திறந்து பார்ப்பவருக்கு அது பழுதடைந்த கோப்பாகத் தோன்றும். ஆண்டிவைரஸ் மென்பொருளும் அதில் எதையும் எளிதில் அடையாளம் காணாது. ஆனால் விண்டோஸ், புரியாத வரிகளைத் தாண்டிப் புரியும் வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். புழுவின் உடல், ரீசைக்கிளர் என்ற மறைந்த ஃபோல்டருக்குள், படிப்பவர் கண்ணில் எளிதில் படாத ஒரு நீண்ட எண் கோவையின் கீழ் இருக்கும்.

இந்தத் தந்திரம் எவ்வளவு நுணுக்கமானது என்பதை விஸ்டாவின் ஆட்டோபிளே பெட்டியில் பார்க்கலாம். பென் டிரைவைச் செருகினால் வரும் அந்தப் பெட்டியில் இரண்டு பிரிவுகள் இருக்கும். கீழ்ப் பிரிவில், ‘கோப்புகளைப் பார்க்க ஃபோல்டரைத் திற’ என்று விண்டோஸ் தானே காட்டும் உண்மையான வரி இருக்கும். மேல் பிரிவு, டிரைவில் உள்ள நிரலை இயக்குவதற்கானது. புழு அந்த மேல் பிரிவில் அதே வாசகத்தை, விண்டோஸின் அதே மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு காட்டும். கை பழக்கத்தில் முதலில் தெரியும் வரியைச் சொடுக்குபவர் ஃபோல்டரைத் திறப்பதாக நினைத்துக்கொண்டு புழுவை இயக்கிவிடுவார். நம் ஊர் டிடிபி கடைகளிலும் பிரௌசிங் சென்டர்களிலும் நாள் முழுவதும் கைமாறிய பென் டிரைவ்களை நினைத்துப் பார்த்தால், இந்த வழிக்கு ஏன் இணையமே தேவைப்படவில்லை என்பது புரியும்.

2012இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்பு அறிக்கை, நிறுவனங்களில் காணப்பட்ட கான்ஃபிக்கர் தொற்றுகளில் 92 சதவீதம் எளிய அல்லது களவாடப்பட்ட கடவுச்சொற்களால் வந்தவை என்றும், 8 சதவீதம் மட்டுமே பேட்ச் இருந்தும் அடைக்கப்படாத ஓட்டைகளால் வந்தவை என்றும் கணக்கிட்டது. ‘பேட்ச் போட்டிருந்தால் வந்திருக்காது’ என்று இந்தப் புழுவைப் பற்றி இன்றும் பலர் சொல்வது, ஏ வகைக்கு மட்டுமே முழுக்கப் பொருந்தும்.

ஷெஃபீல்டில் நடந்தது

பேட்ச் போடாததை வெறும் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து மருத்துவமனைகளில் 2008 கிறிஸ்துமஸ் வாரத்தில், அறுவை நடந்துகொண்டிருந்த வேளையில் அறுவைக்கூடத்தின் கணினிகள் விண்டோஸ் அப்டேட்டுக்காகத் தாமாகவே நின்று மறுபடி இயங்கின. அதிர்ந்துபோன நிர்வாகம், நெட்வொர்க்கில் இருந்த ஏறத்தாழ 8,000 கணினிகளிலும் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைத்தது. டிசம்பர் 29 அன்று அங்கே கான்ஃபிக்கர் காணப்பட்டது. 800க்கும் மேற்பட்ட கணினிகள் தொற்றுக்கு ஆளாயின.

அறுவைக்கூடத்துக் கணினி நடுவில் நின்றுபோவது ஏற்க முடியாத ஒன்றே. அதற்கு எதிர்வினை ஆற்றியதில் தவறில்லை. தவறு அளவில் இருந்தது. ஒரு கூடத்தின் சில கணினிகளுக்குச் செய்ய வேண்டியதை 8,000 கணினிகளுக்கும் செய்தார்கள். எந்தக் கணினிக்கு எப்போது அப்டேட் போகும் என்று பிரித்து வைக்கும் ஏற்பாடு இருந்திருந்தால், வரவேற்பு மேசைக் கணினிக்கும் அறுவைக்கூடக் கணினிக்கும் ஒரே விதி போட வேண்டிய கட்டாயம் வந்திருக்காது.

மான்செஸ்டர் மாநகராட்சி 2009 பிப்ரவரியில் இதே புழுவிடம் சிக்கியது. சுத்தம் செய்யும் செலவும் மற்ற இழப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்டு ஆயின. பேருந்துத் தடத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு அனுப்ப வேண்டிய அபராத நோட்டீஸ்கள் உரிய காலத்தில் போகாததால் 1,609 பேர் தப்பினார்கள். அடுத்த ஆண்டு அதே பகுதியின் காவல்துறை, தொற்று காரணமாக நாட்டின் மையக் காவல் கணினியிலிருந்து மூன்று நாள் விலகியிருக்க நேர்ந்தது.

உள்ளே வந்தபின்

நீக்குவதற்கு முன், அது எங்கே உட்காருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தற்செயல் எழுத்துகளால் ஆன பெயரோடு ஒரு டிஎல்எல் கோப்பை சிஸ்டம் ஃபோல்டரில் வைக்கிறது. அந்தக் கோப்பின் தேதியை விண்டோஸின் கெர்னல்32 கோப்பின் தேதிக்குச் சமமாக மாற்றிவிடுவதால், ‘அண்மையில் வந்த கோப்புகள்’ என்று தேதிவாரியாகத் தேடுபவருக்கு அது அகப்படாது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தன் பெயரில் ஒரு சர்வீஸை உருவாக்கி, நெட்எஸ்விசிஎஸ் என்ற பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்த்துவிடுகிறது. விண்டோஸின் பல சர்வீஸ்களை ஒரே கூட்டாக இயக்கும் பட்டியல் அது. அதனால் டாஸ்க் மேனேஜரில் புதிதாக எந்த நிரலும் தெரியாது. எப்போதும் இருக்கும் எஸ்விசிஹோஸ்ட் மட்டுமே தெரியும். தன் ரெஜிஸ்ட்ரிப் பதிவையும் கோப்பையும் நிர்வாகிகூடப் படிக்க முடியாதபடி அனுமதிகளை மாற்றியும் வைக்கிறது.

அதன்பின் தற்காப்பு வேலைகள் தொடங்கும். தானியங்கி அப்டேட், பின்னணித் தரவிறக்கம், செக்யூரிட்டி சென்டர், டிஃபெண்டர், பிழை அறிக்கை ஆகிய சர்வீஸ்களை நிறுத்தும். சிஸ்டம் ரெஸ்டோர் புள்ளிகளை அழித்துவிடும். ஆகவே ‘போன வார நிலைக்குத் திரும்பிவிடலாம்’ என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பை முடக்கும். மைக்ரோசாஃப்ட், சைமன்டெக், மெக்காஃபி போன்ற பெயர்கள் அடங்கிய முகவரிகளைத் தேடும் டிஎன்எஸ் கோரிக்கைகளை வழிமறித்துத் தோற்கச் செய்யும். மற்ற எல்லாத் தளங்களும் திறக்க, ஆண்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் அதுவே உறுதியான அறிகுறி. அலுவலகத்தில் இன்னும் முன்னதாகத் தெரியும் அறிகுறி வேறு: யாரும் தவறாகக் கடவுச்சொல் இடாமலேயே பயனர் கணக்குகள் கூட்டம் கூட்டமாகப் பூட்டிக்கொள்ளும். புழு 200 சொற்களை முயன்று பார்த்ததன் விளைவு அது. பல இடங்களில் நிர்வாகிகள் இதைச் சர்வர் கோளாறு என்று எண்ணிக் கணக்குகளைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எழுதியவர்களிடமிருந்து அடுத்த கட்டளையைப் பெற, ஒவ்வொரு நாளும் தேதியை அடிப்படையாகக் கொண்டு 250 டொமைன் பெயர்களை (இணையதள முகவரிகளை) புழு தானே கணக்கிட்டு உருவாக்கும். ஏதாவது ஒன்றை எழுதியவர்கள் பதிவு செய்து வைத்திருந்தால் போதும். வந்த கட்டளை உண்மையானதா என்று சரிபார்க்க ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையிலான டிஜிட்டல் கையொப்பமும் இருந்தது. பி வகையில் அந்தச் சாவி 4096 பிட் நீளமுடையது. அதோடு மறையாக்க அறிஞர் ரான் ரிவெஸ்ட் குழுவினர் 2008 இறுதியில்தான் முன்வைத்த, ஒரு கோப்புக்குச் சுருக்கமான அடையாள எண்ணைக் கணக்கிடும் எம்டி6 என்ற முறையையும் அது பயன்படுத்தியது. எம்டி6இன் முதல் வடிவத்தில் ஒரு பிழை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டபோது, புழுவின் அடுத்த வகையிலும் அதே திருத்தம் இருந்தது. பாதுகாப்புத் துறையினர் படிப்பதையெல்லாம் எதிரியும் உடனுக்குடன் படித்துக்கொண்டிருந்தான்.

2009 பிப்ரவரி 12 அன்று மைக்ரோசாஃப்ட், டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகேன் மற்றும் பல நிறுவனங்கள் சேர்ந்து அந்த டொமைன்களை முன்கூட்டியே பதிவு செய்து முடக்கும் கூட்டணியை அறிவித்தன. எழுதியவர்களைப் பிடிக்கத் துப்புக் கொடுப்பவருக்கு 2,50,000 டாலர் பரிசும் அறிவிக்கப்பட்டது. பதிலுக்கு மார்ச் மாதம் வந்த டி வகை, ஏப்ரல் 1 முதல் நாளொன்றுக்கு 50,000 பெயர்களை உருவாக்கி அவற்றில் 500ஐ மட்டும் தொடர்புகொள்ளும்படி மாறியது. பத்திரிகைகள் பெரும் அழிவை எதிர்பார்த்த ஏப்ரல் 1 அமைதியாகக் கடந்தது. ஒரு வாரம் கழித்து, தொற்றிய கணினிகளுக்கிடையேயான நேரடி இணைப்பின் வழியாக ஈ வகை வந்தது. ஸ்பாம் அனுப்பும் வேலிடாக் என்ற தீநிரலையும், 49.95 டாலர் கேட்கும் போலி ஆண்டிவைரஸ் ஒன்றையும் அது கொண்டுவந்தது. அத்தனை பொறியியலுக்குப் பிறகு கண்ட பயன் அவ்வளவே.

நீக்கும் வரிசை

தொற்று உறுதியானதும் பெரும்பாலான நிர்வாகிகளுக்குக் கை தானாகப் போவது, டொமைன் நிர்வாகியாக அந்தக் கணினியில் உள்நுழைந்து ஸ்கேனரை இயக்குவதுதான். (இங்கே டொமைன் என்பது இணையதள முகவரி அன்று; ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைந்த அலுவலகக் கணினிகளின் கூட்டம்.) செய்யக்கூடாத முதல் காரியம் அதுவே. உள்நுழைந்திருப்பவரின் உரிமையைப் புழு அப்படியே எடுத்துக்கொள்ளும் என்று மேலே பார்த்தோம். சாதாரண ஊழியர் உள்நுழைந்திருந்தவரை அதற்கு அவருடைய உரிமை மட்டுமே இருந்தது. டொமைன் நிர்வாகி உள்நுழைந்த நொடியில், டொமைனில் உள்ள எல்லாக் கணினிகளின் நிர்வாகப் பகிர்வும், கடவுச்சொல்லை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லாமல், அதற்குத் திறந்துவிடும். காப்பாற்ற வந்தவரின் கணக்கே பரப்பும் வாகனமாகிவிடும். ஆகவே தொற்றிய கணினியில் அந்தக் கணினிக்கு மட்டும் உரிய உள்ளூர்க் கணக்கில்தான் வேலை செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்டின் நீக்கல் குறிப்பும் இதை அழுத்திச் சொன்னது.

முதலில் நெட்வொர்க்கைக் கூறுபோட்டு, பிரிவுகளுக்கிடையே 445, 139 போர்ட்டுகளை அடைக்க வேண்டும். கோப்புப் பகிர்வு நின்றுபோகும், தொலைபேசி ஓயாது. ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் பின்வரும் எதுவும் நிலைக்காது. இதோடு சேர்த்து, டொமைனை நிர்வகிக்கும் சர்வரான சுத்தமான டொமைன் கன்ட்ரோலரிலிருந்து, விதிகளை மொத்தமாக அனுப்பும் குரூப் பாலிசி மூலம் மூன்று மாற்றங்களை எல்லாக் கணினிகளுக்கும் அனுப்ப வேண்டும்: நெட்எஸ்விசிஎஸ் பட்டியல் இருக்கும் ரெஜிஸ்ட்ரி இடத்தில் எழுதும் உரிமையை நீக்குவது, டாஸ்க்ஸ் ஃபோல்டரில் எழுதும் உரிமையை நீக்குவது, ஆட்டோபிளேயை முடக்குவது. இவை புழுவை அழிக்கமாட்டா. ஆனால் புதிய கணினியில் அது வேர்பிடிக்கத் தேவையான இடங்களைப் பறித்துவிடும். ஏற்கெனவே எத்தனை கணினிகள் தொற்றியிருந்தாலும், அந்த எண்ணிக்கை மேலும் ஏறாமல் நிற்கும். அதன்பிறகுதான் சுத்தம் செய்வதில் அர்த்தம் உண்டு. வேலை முடிந்தபின் இந்த உரிமைகளைத் திருப்பித் தர மறந்தால், பின்னாளில் முறையான மென்பொருளைக்கூட நிறுவ முடியாமல் போகும் என்பதையும் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

எந்தெந்தக் கணினிகள் தொற்றியவை என்று கண்டறிவது 2009 மார்ச் இறுதிவரை பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பார்க்க வேண்டும். பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் லெடர், டில்மன் வெர்னர் இருவரும் அப்போது ஓர் அழகான விஷயத்தைக் கண்டார்கள். புழு நினைவகத்தில் போட்டுக்கொள்ளும் அடைப்பு, மைக்ரோசாஃப்டின் உண்மையான பேட்சைப் போல அவ்வளவு துல்லியமாக நடந்துகொள்வதில்லை. குறிப்பிட்ட ஒரு கோரிக்கைக்கு அது திருப்பித் தரும் பிழை எண் வேறாக இருக்கிறது. அந்த வேறுபாட்டைக் கொண்டு, எந்தக் கணினியிலும் உள்நுழையாமல், நெட்வொர்க்கின் ஒரு மூலையிலிருந்தே தொற்றியவற்றை அடையாளம் காண முடிந்தது. சில நாட்களுக்குள் என்மேப் போன்ற இலவசக் கருவிகளில் இந்தச் சோதனை சேர்க்கப்பட்டது. தன்னைக் காக்கப் புழு போட்ட தாழ்ப்பாளே அதைக் காட்டிக்கொடுத்தது.

அதன்பின் கணினிவாரியான வேலை. தேவையான பேட்சையும் நீக்கல் கருவியையும் சுத்தமான கணினியில் தரவிறக்கி, சிடியில் எழுதி எடுத்துப் போக வேண்டும். பென் டிரைவில் கொண்டுபோனால் முதல் கணினியிலேயே அது தொற்றிக்கொண்டு இரண்டாம் கணினிக்குப் புழுவைச் சுமந்து செல்லும். டி வகை தொற்றியிருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அது இயங்கும் நிரல்களின் பெயர்களை ஒவ்வொரு நொடியும் பார்த்துக்கொண்டேயிருந்து, நீக்கல் கருவிகளின் பெயர், பேட்சின் எண், வயர்ஷார்க் போன்ற ஆய்வுக் கருவிகளின் பெயர் எதையாவது கண்டால் அந்த நிரலை நிறுத்திவிடும். கருவி திறந்தவுடன் மூடிக்கொள்வது இதனால்தான். கோப்பின் பெயரை மாற்றி இயக்கினால் பெரும்பாலும் தப்பிவிடலாம். அடிப்படை நிரல்களோடு மட்டும் விண்டோஸை இயக்கும் சேஃப் மோடில் போய்ப் பார்க்கலாம் என்றால், அதற்கான ரெஜிஸ்ட்ரிப் பகுதியையும் அந்த வகை அழித்துவிடுகிறது.

கையால் நீக்க வேண்டி வந்தால், முதலில் சர்வர் சர்வீஸையும் டாஸ்க் ஷெட்யூலரையும் நிறுத்தி, டாஸ்க் ஷெட்யூலரில் ‘ஏடி’ என்று தொடங்கும் பெயரில் பதிந்திருக்கும் வேலைகளை எல்லாம் அழித்துவிட வேண்டும். பேட்சைப் போட வேண்டும். அந்தக் கணினியின் உள்ளூர் நிர்வாகிக் கணக்குகளுக்கு வலுவான புதிய கடவுச்சொல்லை வைக்க வேண்டும். பிறகு நெட்எஸ்விசிஎஸ் பட்டியலைத் திறந்து பார்த்தால், பி வகையில் வழக்கமாகப் பட்டியலின் கடைசி வரியில் உச்சரிக்கவே முடியாத எழுத்துக் கோவை ஒன்று தெரியும். பின்வந்த வகைகளில் அது பட்டியலின் நடுவிலும், முறையான பெயர் போன்ற தோற்றத்திலும் இருக்கலாம் என்பதால், அதே விண்டோஸ் பதிப்பு உள்ள சுத்தமான கணினியின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுவதே பாதுகாப்பானது. அவசரத்தில் முறையான சர்வீஸ் ஒன்றின் பெயரை அழித்துவிட்டு நெட்வொர்க்கே வேலை செய்யாமல் தவித்தவர்கள் உண்டு.

பெயர் கிடைத்ததும், சர்வீஸ்கள் பகுதியில் அதே பெயருள்ள பதிவுக்குப் போக வேண்டும். அனுமதி மறுக்கப்படும், அனுமதிப் பட்டியலில் ‘சிஸ்டம்’ மட்டுமே இருக்கும். நிர்வாகிக்கு முழு உரிமையைச் சேர்த்தபின், அதற்குள் இருக்கும் டிஎல்எல் பாதையைக் குறித்துக்கொண்டு, பட்டியலில் இருந்து பெயரையும், பிறகு பதிவையும் நீக்க வேண்டும். கணினி தொடங்கும்போது தானாக இயங்குபவற்றின் பட்டியலிலும் அதே கோப்பைக் குறிக்கும் வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுபடி இயக்கியபின், புழு நினைவகத்தில் ஏறியிராததால், குறித்துவைத்த கோப்பின் அனுமதிகளைத் திரும்பப் பெற்று அழித்துவிடலாம். எல்லா டிரைவ்களிலும், வேறு கணினியில் இருந்து இணைக்கப்பட்ட பகிர்வு டிரைவ்களிலும்கூட, ஆட்டோரன் கோப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். கோப்பு சர்வரில் கிடந்த ஒரேயொரு ஆட்டோரன் கோப்பால் சுத்தம் செய்த கணினிகள் மறுபடி தொற்றலாம். புழு நிறுத்திய சர்வீஸ்களைத் திரும்ப இயக்குவது கடைசி வேலை. மைக்ரோசாஃப்டின் இலவச நீக்கல் கருவி 2009 ஜனவரி முதல் இவற்றில் பெரும்பகுதியைத் தானே செய்தது.

நேரமும் காப்புப் பிரதியும் இருந்தால், கையால் நீக்குவதைவிட வட்டைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதையே நான் பரிந்துரைப்பேன். கான்ஃபிக்கர் ஈ வகையைப் போல வேறு தீநிரல்களையும் இழுத்துவந்திருக்கக்கூடும். புழு போனாலும் அவை தங்கிவிடும். ஆனால் புதிதாக நிறுவும் கணினியை, பேட்ச் முழுவதும் போடும்வரை அலுவலக நெட்வொர்க்கில் இணைக்கக் கூடாது.

டொமைன் முழுவதுக்குமான கடவுச்சொற்களை மாற்றுவது இதற்கெல்லாம் பிறகு. தொற்றிய கணினிகள் மிச்சமிருக்கும்போது புதிய டொமைன் கடவுச்சொல்லை அவற்றில் தட்டுவது, புதிய உரிமையையும் புழுவிடம் ஒப்படைப்பதாகும். எல்லாக் கணினிகளிலும் ஒரே உள்ளூர் நிர்வாகிக் கடவுச்சொல் வைத்திருக்கும் வழக்கத்தையும் இந்த இடத்தில் கைவிட வேண்டும். ஒன்று கிடைத்தால் எல்லாம் கிடைத்துவிடும் நிலை அதனால்தான் வருகிறது.

ஆட்டோரன் விஷயத்தில் மைக்ரோசாஃப்டின் மீதும் குறை உண்டு. அதை முடக்கும் ரெஜிஸ்ட்ரி அமைப்பு, சொன்னபடி முழுமையாக முடக்கவில்லை என்று அமெரிக்காவின் கணினி அவசரகாலக் குழு 2009 ஜனவரியில் எச்சரித்தது; அதற்கான திருத்தம் பிப்ரவரியில் பரவலாக வந்தது. பென் டிரைவ்களுக்கு ஆட்டோரனையே நிறுத்தும் மாற்றம் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்குத் தானியங்கி அப்டேட் வழியாகப் போய்ச்சேர 2011 பிப்ரவரி ஆயிற்று.

மிச்சம்

டொமைன்களை முடக்கிய கூட்டணி, புழுவுக்குக் கட்டளை போகாமல் தடுப்பதில் பெருமளவு வென்றது. தொற்றிய கணினிகளைச் சுத்தம் செய்ய வைப்பதில் வெல்லவில்லை என்று தன் அறிக்கையில் தானே எழுதியது. கட்டளை வராத புழுவால் உடனடித் தொல்லை இல்லை என்பதால் பலர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2016 ஏப்ரலில் ஜெர்மனியின் குண்ட்ரெமிங்கன் அணுமின் நிலையத்தில், எரிபொருள் தண்டுகளை நகர்த்தும் பொறியோடு தொடர்புடைய ஒரு கணினியிலும், பல பென் டிரைவ்களிலும் கான்ஃபிக்கர் கண்டெடுக்கப்பட்டது. அந்தக் கணினி இணையத்தோடு இணைக்கப்படாததால் ஆபத்து நேரவில்லை.

இத்தகைய இடங்களில்தான் நீக்கும் வரிசை முழுமையாகப் பயன்படாது. ஸ்கேன் இயந்திரம், ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவற்றில் உள்ள பழைய எக்ஸ்பியைத் தொட்டால் உற்பத்தியாளரின் ஒப்புதல் போய்விடும் என்பதால் பேட்ச் போட இயலாது. அவற்றைத் தனி நெட்வொர்க் பிரிவில் வைத்து, சுவிட்ச் அளவிலேயே 445ஆம் போர்ட்டை அடைத்து, தரவை எடுக்க வேண்டிய பென் டிரைவை இயந்திரத்தில் செருகுமுன் ஒரு முறையும் எடுத்தபின் ஒரு முறையும் தனிக் கணினியில் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக் கணினியை லினக்ஸில் இயக்கினால், டிரைவில் இருக்கும் ஆட்டோரன் கோப்பு இயங்காமல் வெறும் எழுத்துக் கோப்பாகவே கண்ணுக்குத் தெரியும்.